உன் கூடாரத்தில் எத்தனை பேர்?



மும்பையில் நான் ஊழியம் செய்கிற பகுதியில், எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சந்தில் குடியிருந்து, பேரப்பிள்ளைகளை முழங்காலில் நின்று ஜெபித்து வளர்த்தவர்கள். அடக்க ஆராதனை முடிந்து நான்கு மாதங்கள் சென்றபின், அந்த வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். மாதத்தின் முதல் வாரம். அவ்வீட்டு மருமகள் ரேஷன் கடையிலிருந்து வந்து அரிசிப் பையை இறக்கி வைத்தார்கள். பேச்சோடு பேச்சாக, "ஆச்சியின் பெயரைக் கார்டிலிருந்து எடுத்தாயிற்றா?" என்று கேட்டேன்.

"இல்லை பாஸ்டர். அஞ்சு கிலோதானே! ஆச்சி இருந்தா அவங்களும் எங்களுக்குத்தானே தந்திருப்பாங்க. கவர்மெண்டுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?" என்று அந்தச் சகோதரி சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாய் திறந்து புத்தி சொல்லவேண்டிய ஊழியக்காரன் ஏன் மௌனமாய் வந்தேன் என்பதைச் சற்றுப் பின்னால் அறிக்கையிடுகிறேன். அதற்கு முன் வேதத்தில் ஒரு கணக்கைப் பார்ப்போம்.

தலைக்கு ஒரு ஓமர்

யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் நமக்கு நன்கு தெரிந்த பகுதி. வனாந்தரத்தில் பசியோடு முறுமுறுத்த ஜனங்களுக்குத் தேவன் மன்னாவைத் தந்தார். ஆனால் அதைச் சேர்ப்பதற்கு அவர் ஒரு பிரமாணமும் வைத்தார் என்பதை நாம் அவ்வளவாய்க் கவனிப்பதில்லை. ஒவ்வொரு குடும்பத் தலைவனும் தன் கூடாரத்தில் இருக்கிறவர்களின் எண்ணிக்கைப்படியே, ஆளுக்கு ஒரு ஓமர் வீதம் எடுக்கவேண்டும். கூடாரத்தில் ஆறு பேர் என்றால் ஆறு ஓமர். ஒருவர் மரித்துப்போனால் ஐந்து. ஒரு குழந்தை பிறந்தால் ஏழு.

மோசேயின் நாட்களில் கூடாரம் கூடாரமாய்ச் சென்று தலைகளை எண்ண ஓர் அதிகாரி இருந்ததாக அந்த அதிகாரத்தில் எழுதப்படவில்லை. எண்ணிக்கையைச் சொல்லும் பொறுப்பு அந்தக் கூடாரத்தின் தலைவனுடைய மனச்சாட்சியிடமே விடப்பட்டிருந்தது. மறுநாளுக்கென்று மீத்து வைத்ததில் என்ன உண்டாயிற்று என்பதும் நமக்குத் தெரியும். வானத்திலிருந்து வந்த அதே அப்பம்தான் பானையிலே நாறிப்போயிற்று.

அன்பானவர்களே, இன்று நம் கையிலிருக்கும் ரேஷன் கார்டும் இதே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்கிறது: உன் கூடாரத்தில் எத்தனை பேர்?

அந்தக் கார்டின் பின்னால் இருக்கும் சட்டம்

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முன்னுரிமைக் குடும்பத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உரியது. மிகவும் வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா திட்டத்தில், தலைகளை எண்ணாமல் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ. 2023 ஜனவரி 1 முதல் இத்தானியம் விலையின்றி வழங்கப்படுகிறது. வீட்டிலுள்ள 18 வயது நிறைந்த பெண்களில் மூத்தவரையே குடும்பத் தலைவியாக வைத்துக் கார்டு தரவேண்டும் என்பதும் இச்சட்டத்தின் ஓர் ஏற்பாடு.

இனி நான் சொல்வதை நிதானமாய் வாசியுங்கள். இச்சட்டத்தின் பயன் எல்லாருக்கும் வரம்பில்லாமல் கிடைப்பதல்ல. கிராமப்புற மக்களில் 75 விழுக்காடு வரை, நகர்ப்புற மக்களில் 50 விழுக்காடு வரை என்று எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்தே தேசம் முழுவதற்கும் ஏறக்குறைய 81 கோடி பேர் என்று தீர்மானிக்கப்பட்டு, ஒவ்வொரு மாநிலத்திற்கும் பங்கு பிரிக்கப்பட்டது. மராட்டிய மாநிலத்தின் பங்கு ஏறக்குறைய 7 கோடி பேர். இந்த எண்ணிக்கையை இங்கே ரேஷன் ஆபீஸில் மராட்டியில் 'இஷ்டாங்க்' என்பார்கள்.

ஆகையால் மரித்தவருடைய பெயர் பட்டியலில் இருக்கும்வரை, உயிரோடிருக்கும் ஒருவருடைய இடம் அடைபட்டிருக்கிறது. "அரசாங்கத்துக்கு இது ஒரு கணக்கா?" என்று நாம் கேட்கிறோம். அரசாங்கத்துக்குப் பெரிய கணக்கல்லாமல் இருக்கலாம். ஆனால் வெளியே வரிசையில் நிற்கிற ஒருவருக்கு அதுவே அடுப்பின் கணக்கு.

அதே சந்தின் மறு முனையில்

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. மேலே சொன்ன அந்த வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில், எங்கள் சபையின் மற்றொரு சகோதரி இரண்டு சிறு பிள்ளைகளோடு குடியிருக்கிறார். கணவன் கட்டட வேலையில் விழுந்து மரித்துப்போனார். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். கார்டு இருந்தது. ஆனால் அது தானியம் கிடைக்கும் பட்டியலில் சேராத கார்டு.

அந்தச் சகோதரிக்குத் துணையாக நானும் ரேஷன் ஆபீஸுக்குச் சென்றேன். மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர் கனிவாகவே பேசினார். "இந்த அம்மாவுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் இஷ்டாங்க் நிறைந்துவிட்டது. இடம் காலியானால்தான் சேர்க்க முடியும்" என்றார். திரும்பி வரும் வழியில் அந்தச் சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "இடம் எப்போ காலியாகும் பாஸ்டர்? யாராவது செத்தாத்தானா?"

செத்தவர்கள் இருந்தார்கள். அதே சந்தில், அதே சபையில். நானே அடக்கம் பண்ணியிருந்தேன். ஆனால் இடம் காலியாகவில்லை.

என் அறிக்கை

அந்த மருமகளிடம் நான் ஏன் மௌனமாயிருந்தேன்? என் தாயார் ஊரில் மரித்தபோது அவர்களுடைய பெயரும் எங்கள் குடும்பக் கார்டில் நீக்கப்படாமலே இருந்தது. "பெயர் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் அண்ணே" என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். நான் "சரி" என்றும் சொல்லவில்லை, "தவறு" என்றும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே சென்றது. பிரசங்க பீடத்தில் நின்று அனனியா, சப்பீராளைக் குறித்து முழங்கிய நான், என் தாயின் பெயரில் வந்த அரிசியைக் குறித்து வாய் திறக்கவில்லை.

ரேஷன் ஆபீஸிலிருந்து அந்தச் சகோதரியோடு திரும்பிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் தம்பிக்குத் தொலைபேசி செய்தேன். "அம்மாவின் மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பெயரை நீக்கு. எழுதிக் கேட்டால், இவ்வளவு காலம் தாமதித்தது எங்கள் தவறு என்று எழுதிக் கொடு" என்றேன். தம்பி வருத்தப்பட்டான். "ஊரெல்லாம் செய்றதுதானே அண்ணே" என்றான். ஆனாலும் போனான்.

அதன்பின்புதான் ஆச்சியின் வீட்டிற்கு மறுபடியும் சென்றேன். முதலில் என் கதையைச் சொன்னேன். பிறகு நாற்பது அடி தூரத்திலுள்ள அந்த வீட்டைக் குறித்துச் சொன்னேன். மருமகள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே நீக்கல் மனு கொடுக்கப்பட்டது. எட்டு மாதங்கள் கழித்து அந்த விதவைச் சகோதரியின் குடும்பம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆச்சியின் இடம்தான் அவர்களுக்குக் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்தின் கணக்கு நமக்குத் தெரியாது. ஆனால் அன்றுமுதல் அந்தச் சகோதரியின் முகத்தை நேராகப் பார்க்க எங்களால் முடிந்தது.

மறைப்பதற்குப் பின்னால் இருக்கும் பயம்

நம்முடைய ஜனங்கள் பேராசையினால் மட்டும் மறைப்பதில்லை என்பதை நான் அறிவேன். பயத்தினாலேயே அநேகர் மறைக்கிறார்கள். "ஒரு பெயரை எடுக்கப் போனால் கார்டையே ரத்து பண்ணிவிடுவார்களோ? இந்த ஊரில் நாம் குடியிருப்பதற்கு அது ஒன்றுதானே அத்தாட்சி!" என்று நடுங்குகிறார்கள். பிழைக்க வந்த இடத்தில் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பதும் எளிதல்ல. மொழியும் தெரியாது. இடையிலே தரகர்கள் வேறு.

இந்தப் பயத்தை அறிவினாலே நீக்கவேண்டும். ஒருவர் மரித்தார், ஒரு மகள் மணமாகிப் போனாள் என்பதற்காக மீதமுள்ளவர்களின் உரிமை அற்றுப்போவதில்லை. முன்னுரிமைக் கார்டில் அந்த ஒருவருக்குரிய 5 கிலோ மாத்திரமே குறையும். அந்தியோதயா கார்டில் அளவு குடும்பத்துக்கானது. ஆகவே ஒரு பெயர் குறைவதால் அந்த 35 கிலோ குறைவதில்லை.

மறைப்பதுதான் உண்மையில் ஆபத்து. இப்போது பெயர்கள் ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அங்கத்தினரும் விரல் ரேகை முதலியவற்றால் தம்மை உறுதிப்படுத்தும் இ-கே.ஒய்.சி. கேட்கப்படுகிறது. மரித்தவர் விரல் வைக்க முடியாது. இரண்டு இடங்களில் பெயர் இருந்தாலும் கணினி காட்டிக்கொடுக்கும். அப்போது நாமாகச் சொன்னோம் என்ற மதிப்பும் இராது. பொய்யான தகவல் தருவது தண்டனைக்குரியது என்பதையும் மறவாதிருங்கள்.

சொல்வதினால் வரும் நன்மைகள்

குடும்பத்தில் வரும் மாற்றத்தைச் சொல்வது எப்பொழுதும் இழப்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியல்ல. சொல்லாததினால் தமக்குரியதையே இழக்கிற விசுவாசிகளும் அநேகர். ஒவ்வொன்றாய்ப் பாருங்கள்.

குழந்தை பிறந்தால்: 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். சபையிலே பிள்ளைப் பிரதிஷ்டை செய்து நாங்கள் தருகிற சான்றிதழ் இதற்கு ஈடாகாது. மாநகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழே செல்லும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலான காரியங்களுக்கு அதுவே ஆதாரம். அதன்பின் குழந்தைக்கு ஆதார் எடுத்து, பெயரைக் கார்டில் சேர்க்கவேண்டும். மராட்டியத்தில் பெயர் சேர்ப்பதற்கு 8ஆம் எண் படிவம், நீக்குவதற்கு 9ஆம் எண் படிவம். நான்கு வயதாகியும் பிள்ளையின் பெயரைச் சேர்க்காத பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் நான்கு வருடம் பிள்ளையின் பங்கை இழந்தவர்கள்.

திருமணம் நடந்தால்: மகளின் பெயரைப் பெற்றோர் கார்டிலிருந்து நீக்கி, நீக்கியதற்கான சான்றை வாங்கி, கணவன் வீட்டுக் கார்டில் சேர்க்கவேண்டும். "இங்கேயும் இருக்கட்டும், அங்கேயும் இருக்கட்டும்" என்று விடுவது நம்மிடையே வெகு சாதாரணம். பிற்பாடு அவளுக்குப் பிள்ளை பிறந்து பெயர் சேர்க்கப் போகும்போது அதுவே தடையாக வந்து நிற்கும்.

மரணம் நேர்ந்தால்: இதுவும் 21 நாட்களுக்குள் பதிவாகவேண்டும். கல்லறைத் தோட்டத்தில் தரும் ரசீது மரணச் சான்றிதழ் அல்ல. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதித்துக் காப்பாற்றியவர் 18 முதல் 59 வயதுக்குள் மரித்தால், தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் ஒரே முறை 20,000 ரூபாய் பெற விண்ணப்பிக்கலாம். மரணத்தை மறைத்து மாதம் 5 கிலோவைக் காப்பாற்றுகிறவர், இந்த உதவியைக் கேட்க வாய் திறக்க முடியாது. மரித்தவர் முதியோர் உதவித்தொகை வாங்கியவராயிருந்தால், வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உடனே தெரிவியுங்கள். அப்பாவின் ஏ.டி.எம். அட்டையில் அவர் மரித்தபின் வந்த பணத்தை எடுப்பது, அப்பாவின் ஆஸ்தியை எடுப்பதாகாது.

வருமானம் உயர்ந்தால்: 2014இல் மராட்டிய அரசு இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, நகரங்களில் முன்னுரிமைப் பட்டியலுக்கு ஆண்டு வருமானம் 59,000 ரூபாய்க்குள் என்று வரம்பு வைத்தது. இந்த விலைவாசியில் அது மிகவும் குறைந்த வரம்பு, உயர்த்தவேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் மகன் நல்ல கம்பெனியில் வேலைக்கு அமர்ந்து, வீட்டு வாசலில் கார் நிற்கும்போதும் அந்தப் பட்டியலில் நீடிப்பதற்கு அது நியாயமாகாது. கர்த்தர் உயர்த்தினார் என்று சபையில் சாட்சி சொல்லுகிறோம். அதே சாட்சியை ரேஷன் ஆபீஸிலும் சொல்லவேண்டாமா?

ஊரில் ஒரு கார்டு, இங்கே ஒரு கார்டு

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இது தனிச் சோதனை. ஊரில் பெரியவர்கள் கார்டில் நம் பெயர். பொங்கல் நாட்களில் அங்கே கிடைக்கும் பரிசை விட மனமில்லை. இங்கே வேறொரு கார்டிலும் நம் பெயர். முன்பு இதற்கு ஒரு சாக்கு இருந்தது. ஊர்க் கார்டு இந்த ஊரில் செல்லாது. நாம் பட்டினியாய்க் கிடப்பதா?

இன்று அந்தச் சாக்கும் இல்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' என்னும் ஏற்பாடு 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. புலம்பெயர்ந்த தொழிலாளர் வழக்கில், எல்லா மாநிலங்களும் 2021 ஜூலை 31க்குள் இதை நிறைவேற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2022 ஜூன் மாதத்தோடு தேசம் முழுவதும் இது வந்துவிட்டது. ஊர்க் கார்டின் எண்ணையோ ஆதாரையோ சொல்லி, விரல் ரேகை வைத்து, மும்பையிலோ பெங்களூரிலோ சூரத்திலோ உள்ள ரேஷன் கடையில் தானியம் வாங்கலாம். நீங்கள் இங்கே உங்கள் பங்கையும், ஊரிலுள்ள பெற்றோர் அங்கே அவர்கள் பங்கையும் ஒரே கார்டில் பிரித்து வாங்கவும் இடமுண்டு.

இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ குறிக்கப்பட்டிருந்தால்தான் அது மத்தியச் சட்டத்தின் கார்டு. என்.பி.எச்.எச். என்றிருந்தால் தமிழ்நாட்டில் அரிசி கிடைக்கும், வெளி மாநிலத்தில் கிடைக்காது. அன்றியும் தமிழ்நாடு தனியாகத் தரும் பருப்பு, பாமாயில், சர்க்கரை போன்றவை இங்கே வரமாட்டா. மேலும் 2025 ஜூலையில் மத்திய அரசு திருத்திய உத்தரவின்படி, ஆறு மாதம் தானியம் வாங்காத கார்டு தற்காலிகமாக நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படும். ஆகவே ஊரில் சும்மா பூட்டி வைத்த கார்டு நமக்கும் உதவாது, பிறருக்கும் உதவாது. சந்தேகங்களுக்கு 14445 என்ற எண்ணிலோ, மாநில உதவி எண்ணான 1967இலோ கேட்கலாம். அதிகாரி மனுவை வாங்க மறுத்தால், இச்சட்டத்தின்படியே ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர்க்கும் அதிகாரி இருக்கவேண்டும், அவரிடம் செல்லுங்கள். எந்த மனுவுக்கும் ரசீது வாங்காமல் திரும்பாதிருங்கள். தரகரை நாடாதிருங்கள்.

பதிவேட்டில் எழுதாத திருமணம்

ஊழியர்களாகிய எங்களுக்கே வருகிற ஒரு சோதனையையும் மறைக்காமல் எழுதுகிறேன். இளம் வயதில் விதவையான ஒரு சகோதரி, மனைவியை இழந்த ஒரு சகோதரனை மறுமணம் செய்ய விரும்பினார். இருவரும் என்னிடம் வந்து, "பாஸ்டர், ரிஜிஸ்டரில் எழுதவேண்டாம். வீட்டில் ஜெபம் மட்டும் பண்ணி வையுங்கள்" என்றார்கள். காரணம், அந்தச் சகோதரி சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் விதவை உதவித்தொகை பெற்று வந்தார். 2023இல் அது மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. மறுமணம் செய்தால் அது நின்றுபோகும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய விதவை உதவித்தொகைக்கும் இதுவே விதி.

பவுல் அப்போஸ்தலன் 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இளம் விதவைகள் விவாகம் செய்யும்படியே ஆலோசனை சொல்லுகிறார். ஆகவே மறுமணம் வெட்கத்துக்குரியதல்ல. ஆனால் அதே அதிகாரத்தில், ஆதரவுக்கு ஆள் இருக்கிற விதவைகளை அவர்கள் வீட்டாரே தாங்கட்டும், அப்பொழுதுதான் ஒருவருமில்லாத விதவைகளைச் சபை தாங்க முடியும் என்ற கருத்தையும் எழுதுகிறார். ஆதிச் சபையிலும் ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலிலும் யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்ற ஒழுங்கு இருந்தது.

"தேவன் இணைப்பதை ஊருக்கு மறைத்து நான் இணைக்கமாட்டேன்" என்று சொன்னேன். அவர்கள் மனம் கசந்து போனார்கள். மூன்று வாரம் ஆராதனைக்கு வரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் சமாதானமாய் இருந்தேன் என்று சொல்லமாட்டேன். 1,500 ரூபாய் எனக்குச் சிறிய தொகை. இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு அது பள்ளிக் கட்டணம். நாலாம் வாரம் அந்தச் சகோதரி தனியே வந்து, "சகாயத்தை நிறுத்த நானே எழுதிக் கொடுத்துடறேன் பாஸ்டர். மறைச்சு வாழ்ந்தா பிள்ளைங்க கேள்வி கேட்கும்" என்றார். முறைப்படி திருமணம் நடந்தது, பதிவும் ஆயிற்று.

அந்தச் சகோதரி பேசி முடித்ததும் எனக்குள் ஒரு கேள்வி எழும்பிற்று. உண்மைக்காக இந்தச் சகோதரி 1,500 ரூபாயை விடுகிறார். சபை எதை விடுகிறது? மூப்பர்களோடு பேசினேன். முதல் ஒரு வருடம் பிள்ளைகளின் கட்டணத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் அன்றாட விசாரணையில் சில விதவைகள் விடப்பட்டபோது, சபை வெறும் பிரசங்கம் பண்ணவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொண்டு பந்தியைக் கவனித்தது. உண்மை பேசச் சொல்லும் சபை, உண்மை பேசினவனுடைய இழப்பிலும் தோள் கொடுக்கவேண்டும்.

சபைகள் செய்யக்கூடியது

ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்தில் நாம் சபைப் பதிவேட்டைப் புதுப்பிக்கிறோம். பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றவர், மணமானவர், நித்திரையடைந்தவர், வேறு ஊருக்குச் சென்றவர் என்று எழுதுகிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே, "உங்கள் ரேஷன் கார்டிலும் இதை எழுதியாயிற்றா?" என்று கேட்போமாக. படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு வாலிபர்களை நியமிப்போமாக. கூலியை இழந்து செல்ல முடியாத முதியோருக்குத் துணையாக ஒருவரை அனுப்புவோமாக. பெயரை நீக்கச் செல்லும் குடும்பத்தைப் பரியாசம் செய்யாமல், அவர்களுக்காக ஜெபிப்போமாக. பெயரைச் சேர்க்க உரிமையுள்ள குடும்பத்தையும் தேடிப் பிடிப்போமாக.

ஏற்கனவே காலம் கடந்துவிட்டதே என்று கலங்குகிறவர்கள் உண்டு. சகேயுவை நினையுங்கள். அவன் வீட்டிற்கு இரட்சிப்பு வந்த நாளில் அவன் பேசியது கணக்கைப் பற்றித்தான். தாமதத்திற்கு அலுவலகம் விளக்கம் கேட்கலாம். வாங்கிய தானியத்தின் விலையைக் கேட்கவும் கூடும். கேட்டால் தவணையிலாகிலும் கொடுப்போம். நாமாகச் சென்று சொல்லுகிறவனுக்கும் பிடிபட்டபின் சொல்லுகிறவனுக்கும் மனுஷர் முன்பாகவும் வித்தியாசம் உண்டு, தேவன் முன்பாகவும் உண்டு.

இம்மாதம் ரேஷன் கடைக்குப் புறப்படுமுன், கார்டைத் திறந்து அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாய் வாசியுங்கள். வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாய் வாசியுங்கள். எந்தப் பெயருக்குப் பதில் வரவில்லையோ, அதை எடுத்துவிடுங்கள். எந்தப் பிள்ளை பெயர் வாசிக்கப்படாமல் உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ, அதைச் சேர்த்துவிடுங்கள். வனாந்தரத்தில் மிகுதியாய் எடுத்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாய் எடுத்தவனுக்குக் குறையவுமில்லை. நம்மைப் பிழைக்க இவ்வளவு தூரம் நடத்தி வந்த தேவன், ஐந்து கிலோ குறைந்தால் கைவிட்டுவிடுகிறவர் அல்லர்.

கர்த்தர் தாமே உங்கள் கூடாரத்தையும், அதிலுள்ள ஒவ்வொருவரையும் பேர் பேராக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.